சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழும்போது: அண்டை வீட்டார் என்ன செய்யலாம்

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வரிசையில் ஐந்து குடித்தனங்கள், எங்களுடையது மூன்றாவது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை முறை கூவியது என்பதைக்கூட எங்கள் அடுப்படியில் இருந்தபடியே எண்ணிவிடலாம். எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுவருக்கு அப்பால் ஓர் இளம்பெண் அடிவாங்குவதை மூன்று மாதங்கள் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் மாதம் பொறுக்க முடியாமல் போய், தெருவே கூடி நிற்க அவள் கணவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். நல்லது செய்துவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அவமானப்பட்ட அவன் அந்தக் கணக்கை மறுநாள் இரவு அவளிடம்தான் தீர்த்தான். அதன் பிறகு அவள் ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சும்மா இருந்த மூன்று மாதமும் தவறு, ஆத்திரப்பட்ட அந்த ஒரு நாளும் தவறு என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன். எங்கள் மகளிர் சுயஉதவிக்குழுவில் பிறகு இப்படிப் பல பெண்களோடு மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்திருக்கிறோம். அந்த நடையில் கற்றதை இங்கே எழுதுகிறேன். அடிபடும் பெண்ணுக்கான அறிவுரை ஏற்கெனவே ஏராளமாக இருப்பதால், சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வடசென்னை என்றாலே அரிவாளும் அடிதடியும் என்று திரையில் காட்டிக் காட்டி, எங்கள் வீட்டுப் பெண்கள் அடிபடுவதையும் இந்த மண்ணின் குணமாகவே பலர் எண்ணுகிறார்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ எப்போதாவது ஆளானவர்கள். அந்த 38 பேரும் வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் மட்டும் வாழவில்லை. வசதியான பகுதிகளில் சுவர் கனமாக இருக்கிறது, சன்னல்கள் மூடியிருக்கின்றன. அதனால் சத்தம் வெளியே வருவதில்லை. இங்கே வருகிறது. நமக்குக் கேட்கிறது என்பதே அந்தப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பாக மாறக்கூடும், கேட்டவர்கள் என்ன செய்வதென்று தெரிந்து வைத்திருந்தால்.

அடி மட்டும் வன்முறை அல்ல

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடித்தல், பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனத்தாலும் வதைத்தல், பொருளாதார வன்முறை ஆகிய நான்கையும் அந்தச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. கடைசியாகச் சொன்னதை நம் தெருவில் எவரும் வன்முறையாக நினைப்பதே இல்லை. மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது, ஆனால் ஏ.டி.எம். அட்டை அவன் சட்டைப் பையில் இருக்கிறது. மீன் விற்றோ வீட்டு வேலை செய்தோ அவள் கொண்டுவரும் கூலியை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறான். அவள் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது அவளுக்கே சீட்டைப் பார்த்துத்தான் தெரிகிறது. அவள் வளர்க்கும் ஆட்டையோ நாயையோ அவள் கண்ணெதிரே அடித்து, அடுத்து நீதான் என்று காட்டும் ஆண்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் அவளை அச்சுறுத்துவதுதான். இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதும் அல்ல. மகன் அடிக்கும் தாயும், அண்ணன் அடிக்கும் தங்கையும், தாலி கட்டாமல் கணவன் மனைவிபோல் சேர்ந்து வாழும் பெண்ணும் இதன் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

குடித்தால் மட்டும்தான் அடிக்கிறான், மற்றபடி தங்கமானவன் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதே போதையில் அவன் துறைமுகத்தில் தனக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரியை அடிப்பதில்லை. தெருமுனையில் நிற்கும் காவலரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வரும்வரை கையை அடக்கி வைத்திருக்கத் தெரிந்திருக்கிறது. அடிப்பது ஆணுக்கு உள்ள உரிமை, வாங்குவது பெண்ணின் பொறுமை என்று இருவருக்கும் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்ற பழமொழியை நம் வீட்டுப் பெரியவர்கள் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அதைக் கேட்ட பெண், அடுத்த அடிக்கும் தன்னைத் தயார் செய்துகொண்டாள்.

அவளிடம் எப்படிப் பேசுவது

அவன் வீட்டில் இல்லாத நேரத்தில், அவள் தனியாக இருக்கும்போது பேசுங்கள். எங்கள் பகுதியில் அதற்குத் தோதான இடம் குழாயடி; ஆனால் வரிசையில் அவன் அக்காவோ அம்மாவோ நின்றால் அன்று பேச வேண்டாம். ரேஷன் கடைக்கு ஒன்றாகப் போவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது, மாடியில் துணி உலர்த்துவது ஆகியவை இன்னும் நல்ல நேரங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம்கூட அவள் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். டீக்கடையில் தவறி விழும் ஒரு சொல் அவளுக்கு எலும்பு முறிவாகத் திரும்பி வரும்.

“நேத்து ராத்திரி சத்தம் கேட்டுச்சு. உனக்கு ஒண்ணும் ஆகலையே? எப்ப வேணா என் வீட்டுக் கதவைத் தட்டு” என்ற அளவில் முதல் பேச்சை நிறுத்துவது போதும். அவள் இல்லை என்று மறுப்பாள், டி.வி. சத்தம் என்பாள், மறுக்கட்டும். உங்களுக்குத் தெரியும் என்பதும், நீங்கள் அவளைக் குறை சொல்லவில்லை என்பதும் அவள் மனத்தில் பதிந்துவிட்டது. “ஏன் இன்னும் அவன்கூட இருக்கிறாய்” என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். பிள்ளையின் பள்ளி, வாடகை முன்பணம், வாழாவெட்டி என்று பேசப் போகும் சொந்தங்கள், தங்கைக்கு நடக்க வேண்டிய கல்யாணம் என்று அவளிடம் நூறு காரணங்கள் இருக்கின்றன. அந்த நூறும் உண்மையான காரணங்கள். விட்டுவிட்டு வா என்று நீங்கள் முடிவு செய்து கொடுத்தால், இதுவரை அவன் அவளுக்காக முடிவெடுத்ததைப் போலவே இப்போது நீங்களும் எடுக்கிறீர்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் விட்டுப் போகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியவரும் நாள்களும், அவள் வெளியேறியதும் வரும் வாரங்களும்தான் அவள் உயிருக்கு மிகவும் ஆபத்தானவை. அதனால் எப்போது போவது என்பதை அவளே கணிக்க வேண்டும். அவளைவிட அவனை அறிந்தவர் வேறு எவரும் இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: “கழுத்தை நெரிச்சானா?” ஆம் என்று சொன்னால், முன்பு அடித்த எல்லா அடிகளையும்விட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தை நெரித்தவன் பின்னொரு நாள் கொலை வரை போகும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே தடம் இல்லாமலும் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மியிருந்தாலோ, விழுங்க வலித்தாலோ, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, தலை சுற்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெயைக் காட்டி மிரட்டுவது, கேஸ் குழாயைப் பிடுங்குவது, கத்தியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

அரிசி டப்பாவில் வைக்க வேண்டியவை

இரவு பதினொரு மணிக்கு உடுத்திய நைட்டியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெண்ணிடம் ஆதார் அட்டை எங்கே என்று கேட்க முடியாது. ஆகவே முன்கூட்டியே நகல்களை வாங்கி உங்கள் வீட்டில் வையுங்கள். அவளுடைய ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், திருமணப் பதிவு இருந்தால் அது, இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையும் ஒரு கல்யாணப் படமும், அடகுச் சீட்டுகள், அரசு கட்டிக் கொடுத்த வாரிய வீடாக இருந்தால் ஒதுக்கீட்டு ஆணை, தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அந்தச் சீட்டு. வாரிய வீடுகளில் ஒதுக்கீடு பெண்ணின் பெயரிலேயே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் பெயரில் உள்ள வீட்டிலிருந்தே விரட்டப்பட்டு அவள் தெருவில் நிற்பாள். நான் என் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டப்பாவின் அடியில் வைத்திருந்தேன். கூடவே ஒரு செட் துணியும் ஐந்நூறு ரூபாயும். பகலில் போவதானால் மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டுக்குக் காசு வேண்டாம். இரவில் ஆட்டோ பிடிக்கவே அந்தப் பணம்.

தொலைபேசி எண்களை அவள் மனப்பாடம் செய்ய வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, இலவசம், தமிழில் பேசுவார்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. அவன் அவள் போனை எடுத்துப் பார்ப்பவனாக இருந்தால், பேசியபின் அழைப்புப் பதிவை நீக்கச் சொல்லுங்கள். உங்கள் போனிலிருந்து பேச வைப்பது அதைவிட நல்லது. அவள் இருக்கும் இடத்தை அவன் போனிலேயே பார்க்கும்படி இடப்பகிர்வை இயக்கி வைத்திருக்கிறானா என்பதையும் தெரிந்த பிள்ளை எவரையாவது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, இருவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் அடையாளத்தைப் பேசி வையுங்கள். எங்களுக்குள் இருந்தது, சுவரில் உலக்கையால் மூன்று முறை இடிப்பது. பிள்ளையை அனுப்பி “அத்தை, சோடா உப்பு இருக்கா” என்று கேட்கச் சொல்வது இன்னொரு வீட்டில் இருந்தது.

அடி விழும் நேரத்தில்

நடுவில் புகுந்து கையைப் பிடிக்காதீர்கள். நீங்களும் காயப்படுவீர்கள், அவன் கோபமும் ஏறும். அந்த நிமிடத்தை உடைப்பதுதான் உங்கள் வேலை. இரண்டு மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டி, அடிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். “மெட்ரோ வாட்டர் லாரி வந்துடுச்சு, குடம் எடுத்துட்டு வா”, “உங்க வீட்டு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குது, பாருங்க” என்பதுபோல் எதுவும் பொருந்தும். மெட்ரோ வாட்டர் லாரி என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் எந்தச் சண்டையும் ஒரு நொடியாவது நிற்கும். அவள் வெளியே வந்ததும் பிள்ளைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒருவர் அவளோடு நிற்கட்டும், ஒருவர் பிள்ளைகளோடு போகட்டும்.

கதவு திறக்காவிட்டாலோ, ஆயுதம் இருந்தாலோ, அலறல் திடீரென்று அடங்கிவிட்டாலோ உடனே 112ஐ அழையுங்கள். அப்போது நீங்கள் பயன்படுத்தும் சொல் முக்கியம். “புருஷன் பொண்டாட்டி சண்டை” என்று சொன்னால், கேட்பவர் அதைக் குடும்ப விவகாரமாக எடுத்துக்கொண்டு வரத் தாமதிக்கலாம். “ஒரு பெண்ணை அடித்துக்கொண்டிருக்கிறான், உள்ளே குழந்தை இருக்கிறது, கையில் கத்தி இருக்கிறது” என்று நடப்பதை நடக்கிறபடி சொல்லுங்கள். முகவரியையும் அப்படியே சொல்ல வேண்டும். வாரியக் குடியிருப்புகளில் எல்லாக் கட்டடமும் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் பிளாக் எண், மாடி, எந்தப் படிக்கட்டு, கீழே எந்தக் கடை என்பதைச் சொல்லி, ஓர் இளைஞரைத் தெருமுனையில் நிற்க வையுங்கள். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரமானால் எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆம்புலன்சு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நாங்கள் தவித்த ஓர் இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் போனில் சத்தத்தைப் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். பதிவை வெட்டவோ வாட்ஸ்அப்பில் பரப்பவோ கூடாது. நீதிமன்றத்துக்கு அந்தப் பதிவு அதே போனில் அப்படியே இருக்க வேண்டும். பரப்பினால் அவள் மானமும் போகும். தேதி, நேரம், கேட்டது, பார்த்தது ஆகியவற்றைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்திலாவது அன்றே எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்துச் சாட்சி சொல்லும்போது நினைவு கைவிடும்; நோட்டு கைவிடாது.

மருத்துவமனையில் ஒரு வரி

இந்தப் பகுதியில் பலரும் போகும் இடம் ஸ்டான்லி மருத்துவமனை. வழி முழுக்க அவளை ஒரே ஒரு விஷயத்துக்குத் தயார் செய்யுங்கள்: டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் பெண்ணுக்கும் தையல் போடுவார்கள். ஆனால் விபத்துப் பதிவேட்டில் அந்த வரிதான் ஏறும். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் அவன் வக்கீல் அந்த வரியைத்தான் வாசித்துக் காட்டுவார். யார் அடித்தது, எதைக் கொண்டு அடித்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற நான்கையும் அவள் தன் வாயால் சொல்லி அது பதிவாக வேண்டும். அந்தப் பதிவின் நகலை இங்கே எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும், உடனே கிடைக்காவிட்டால் பதிவு எண்ணையாவது குறித்துக்கொள்ள வேண்டும். மாமியாரோ நாத்தனாரோ துணைக்கு வந்து அவளுக்குப் பதிலாகப் பேசினால், அவளைத் தனியே விசாரிக்கும்படி நர்சிடம் மெதுவாகச் சொல்லுங்கள். காயத்தை அன்றும் படம் எடுங்கள், மூன்றாம் நாளும் எடுங்கள். கன்றிப்போன இடம் நீலமாகத் தெரிவது பிறகுதான்.

காவல் நிலையமும் பாதுகாப்பு அலுவலரும்

தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992இல் தொடங்கின. அங்கே நல்ல அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். உடம்பு முழுக்கக் காயத்தோடு வந்த பெண்ணுக்கு முன்னால் கணவனை உட்கார வைத்து, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. எனவே மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, சி.எஸ்.ஆர். என்று கொடுக்கும் சீட்டு மனு வாங்கியதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை அல்ல. அதை வழக்குப் பதிவு என்று நினைத்துப் பல பெண்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். இரண்டாவது, 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவாக இருக்கிறது. கணவன் அல்லது அவன் உறவினர் செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இந்தப் பிரிவில் அவளோ அவள் உறவினரோதான் புகார் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டாரின் புகாரை வைத்து இதைப் பதிவு செய்ய மாட்டார்கள். அவளுக்கு ஓர் அண்ணனோ சித்தியோ இருந்தால் அவர்களை அழைத்துப் போவது அதனால்தான் முக்கியம். மூன்றாவது, சாட்சியாகப் பெயர் கொடுத்தால் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் நம் பெண்களுக்கு நிறைய இருக்கிறது. விசாரணைக்காகப் பெண் சாட்சியை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்டம்.

அண்டை வீட்டார் தாங்களாகவே தட்டக்கூடிய கதவு, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருடையது. அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடந்ததாகவோ நடக்கப் போவதாகவோ நம்பக் காரணம் உள்ள எவரும் அவருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்த தகவலுக்காக உங்கள்மீது வழக்கு எதுவும் போட முடியாது. சென்னை மாவட்டத்துக்கான சமூக நல அலுவலகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள சிங்காரவேலர் மாளிகையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இருக்கிறது. நமக்கு ஒரு ரயில் பயணத் தொலைவுதான். அங்கே அவள் சொல்வதை உரிய படிவத்தில் எழுதி, அதை நீதித்துறை நடுவருக்கு அனுப்புவது பாதுகாப்பு அலுவலரின் கடமை. 181இல் பேசினால் தங்குவதற்கு ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே என்பதையும் சொல்வார்கள். மருத்துவம், சட்டம், மனநல ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் கிடைப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அந்த மையத்தில் ஐந்து நாள் வரை தற்காலிகமாகத் தங்கலாம்.

நீதிமன்றத்திடம் கேட்கக்கூடியது

வழக்கு என்றாலே விவாகரத்து என்று நினைத்துப் பயப்படும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது, குடும்ப வன்முறைச் சட்டத்தில் விவாகரத்து கேட்க வேண்டியதே இல்லை என்பதைத்தான். அடிக்கக் கூடாது, பின்தொடரக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வீட்டை விட்டு அவளை வெளியேற்றக் கூடாது என்றோ, தேவையானால் அவனையே வெளியேறச் சொல்லியோ வசிப்பிட ஆணை கேட்கலாம். வீடு அவன் பெயரில் இருந்தாலும், மாமனார் பெயரிலேயே இருந்தாலும், இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவளுக்கு வசிக்கும் உரிமை உண்டு. மாமனார் வீட்டைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. செலவுக்குப் பணமும் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் வைத்திருப்பதும் இதே மனுவில் அடங்கும். அவசரமென்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால ஆணை கிடைக்கலாம். அவள் பொன்னேரியில் தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால், அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்திலேயே மனு போடலாம். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், தீர்ப்பு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அறுபது நாள் பலமுறை நீள்வதைக் கண்டிருக்கிறோம், அதற்கும் மனத்தைத் தயார் செய்ய வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று நிற்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

ஆண்கள் செய்ய வேண்டியது

இதையெல்லாம் பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டால் பாதிக்கு மேல் வீணாகும். அவன் நம் பேச்சைக் கேட்க மாட்டான். கேரம் கிளப்பில் எதிரே உட்காருபவர், ஆட்டோ நிறுத்தத்தில் முன்னால் நிற்பவர், கால்பந்து சொல்லிக் கொடுத்த அண்ணன் ஆகியோரின் பேச்சு அவன் காதில் ஏறும். அவன் குடிக்காமல் இருக்கும் காலை நேரத்தில், தனியாக, அவன் தோழனாகவே பேச வேண்டும். “உன் வீட்டுச் சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்குது. நீ செய்றது தப்பு. அதை நாங்க ஒத்துக்க மாட்டோம்” என்ற மூன்று வாக்கியங்கள் போதும். அவள் சொன்னாள் என்று ஒரு சொல்லும் வரக் கூடாது. பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று கிளப்பில் யாராவது கிண்டல் செய்தால், சிரிக்காமல் இருப்பதும் எதிர்த்துச் சொல்வதும் அந்த ஆண்களால்தான் முடியும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயதுப் பையன்களுக்கு அதுவே பாடமாகிறது.

திரும்பிப் போனால்

பெரும்பாலும் திரும்பிப் போவாள். என் பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை அவளை அழைத்துப்போக அவன் பூவும் அல்வாவும் வாங்கிவந்து நின்றபோது, இவ்வளவு அலைந்தோமே என்ற கோபம் எங்கள் குழுவில் பலருக்கும் வந்தது. இனி அவளுக்காக வர மாட்டோம் என்று இருவர் சொல்லியும்விட்டார்கள். அந்தக் கோபத்தை அவளிடம் காட்டியிருந்தால் மூன்றாம் முறை உலக்கைச் சத்தம் கேட்டிருக்காது. திரும்பிப் போகிறவளிடம், “சரி, போய் வா, தாள் எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம் முறை அவளே மனுவில் கையெழுத்திட்டாள். எட்டு மாதம் கழித்து அவன் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஆணை கிடைத்தது. அப்படி ஓர் ஆணை கிடைத்தால் அதன் நகல்களை நீதிமன்றம் இலவசமாகவே தர வேண்டும். ஒன்று காவல் நிலையத்தில் இருக்கிறதா என்று நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்று அவள் வேலை செய்யும் இடத்தில் இருக்கட்டும், ஒன்று பிள்ளைகளின் பள்ளியில் இருக்கட்டும். பாதுகாப்பு ஆணையை மீறி அவன் வந்தால் அது தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நள்ளிரவில் வரும் காவலரிடம் காட்டுவதற்கு அவள் பீரோவைத் திறந்து தேட நேரம் இருக்காது என்பதால், ஒரு நகலைச் சுவருக்கு இந்தப் பக்கமும் வைக்க வேண்டும். எங்கள் அரிசி டப்பாவின் அடியில் அது இன்னும் இருக்கிறது.